எழுத்து வேண்டாத ஆட்டங்கள்

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஆர்.கே.பேட்டை நெசவாளர்களின் ஊர். முழுப்பெயர் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் எல்லைப் பிரச்சினை குறித்த படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வரைபடத்தில் கோடு மாறியதே தவிர, தெருவில் பேச்சு மாறவில்லை; தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில், சில வீடுகளில் ஒரே கூடத்தில், இன்றும் சேர்ந்தே புழங்குகின்றன. வீடியோ கேம்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கியோட்டோவிலும் கலிபோர்னியாவிலும் தொடங்குவார்கள். எளிய பழைய ஆட்டங்கள் ஏன் இன்னும் மறையவில்லை என்று கேட்டால், விடையைத் தேட வேண்டிய இடம் இப்படிப்பட்ட எல்லையோர ஊர்தான் என்பேன். இங்கே அந்த ஆட்டங்களுக்கு விளம்பரம் கிடையாது, விளக்கப் புத்தகம் கிடையாது. திரையில் வந்த எழுத்து தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. அப்படியும் அவை வேரூன்றின என்றால், அவற்றின் பலம் முழுவதும் ஆட்டத்துக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும்.

அவை வந்த வழி நேரானதல்ல. 1983இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். சில ஆண்டுகளில் தைவானிலும் சீனாவிலும் அதைப் பார்த்துப் போலிப் பெட்டிகள் செய்தார்கள். நாளடைவில் பெட்டியின் உள்ளுறுப்புகள் அனைத்தையும் ஒரே சில்லில் அடக்கி, மேலே கறுப்புப் பிசினை ஒரு சொட்டு விட்டு மூடினார்கள். விலை அடிமட்டத்துக்கு இறங்கியது. 1991க்குப் பிறகு இந்தியச் சந்தை திறந்தபோது இந்தப் பெட்டிகள் பர்மா பஜாரையும் ரிச்சி தெருவையும் நிறைத்து, அங்கிருந்து சின்ன ஊர்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கும் திருவிழாக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. அசல் நிண்டெண்டோ பெட்டியைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஊர்ப்பிள்ளைகளுக்கு இந்தப் போலிப் பெட்டிதான் 'டிவி கேம்'. அதில் செருகுவது 'கேசட்'. மரியோ, கான்ட்ரா, டாங்க் சண்டை, துப்பாக்கியால் வாத்து சுடுவது ஆகிய நான்கும் தெரியாத பிள்ளை அந்தத் தலைமுறையில் அரிது. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது; ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டி போனது. நகரத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்ட காலத்தில், கிராமத்து வீடுகளில் டிவி கேமுக்கு இரண்டாவது ஆயுள் கிடைத்தது அதனால்தான். படைத்தவர்களுக்கு இந்தப் போலிகளால் ஒரு ரூபாயும் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது நியாயமில்லை. ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அந்த ஆட்டங்களைச் சந்தித்த வழி அது ஒன்றுதான்.

கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். உள்ளே உண்மையில் இருப்பது சில பத்து ஆட்டங்கள். அவையே வேறு வேறு பெயரில், வேறு வேறு கட்டத்தில் தொடங்கும்படி திரும்பத் திரும்ப வரும். எந்தச் சில பத்து என்பதைத் தீர்மானித்தது ரசனை அன்று, இடநெருக்கடி. ஃபேமிகாமின் தொடக்ககால ஆட்டங்கள் அதிகம் போனால் 40 கிலோபைட்: கட்டளைகளுக்கு 32, படங்களுக்கு 8. பின்னால் வந்த பெரிய ஆட்டங்களைவிட இவற்றை ஒரே கேசட்டில் அடைப்பது எளிது, மலிவு. ஆகவே 1983 முதல் 1986 வரையிலான சின்ன ஆட்டங்களே நம் ஊர்களுக்குப் பெருமளவில் வந்தன. 1985இன் சூப்பர் மரியோ பிரதர்ஸ் அந்த 40 கிலோபைட்டுக்குள் எட்டு உலகங்களை வைத்திருக்கிறது. மேலே மிதக்கும் மேகமும் கீழே நிற்கும் புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டும் வேறு. நெசவாளி பூவேலைக்கு கிராப் தாளில் கட்டம் கட்டமாக டிசைன் போடுவது போலவே, எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கித்தான் திரை முழுவதையும் நெய்தார்கள். கட்டம் குறைவு என்பதால் ஒவ்வொரு கட்டத்துக்கும் வேலை இருந்தது. அலங்காரத்துக்கென்று எதையும் வைக்க இடமில்லாததால், திரையில் தெரியும் ஒவ்வொன்றும் ஆடுகிறவனுக்குப் பொருள் உடையதாக அமைந்தது. மேலே நிற்கும் செங்கல்லை முட்டலாம், எதிரே வரும் ஆமையை மிதிக்கலாம், பள்ளத்தைத் தாண்டலாம். வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

எல்லையோரத்துக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று யோசித்துப் பார்க்கலாம். ஜப்பானில் 1986இல் டிராகன் குவெஸ்டும் 1987இல் ஃபைனல் ஃபேன்டசியும் வந்தன. உரையாடல், கதை, பட்டியல் என்று பக்கம் பக்கமாகப் படித்து ஆட வேண்டியவை. அங்கே அவை பெரும் வெற்றி. நம் கேசட்டுகளில் அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் ஆடியிருக்க யாருமில்லை. எழுத்தே வேண்டாத ஆட்டம்தான் இங்கே தங்கியது. டாங்க் சண்டையில் கழுகுச் சின்னத்தைச் சுற்றிச் செங்கல் இருக்கிறது. அதைக் காக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஒருமுறை கழுகு சிதறினால் போதும். தமிழ் பேசும் பிள்ளையும் தெலுங்கு பேசும் பிள்ளையும் ஆளுக்கொரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு கான்ட்ராவில் ஒரே காட்டுக்குள் போக முடியும். இது இங்கே புதிதும் அல்ல. தென்னாட்டுக் கோயில்களின் தளவரிசைக் கல்லில் ஆடு புலி ஆட்டத்தின் கட்டங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. மூன்று புலி, பதினைந்து ஆடு, பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை. யார் வெட்டினார்கள், எந்த மொழிக்காரர் ஆடினார்கள் என்பதெல்லாம் ஆட்டத்துக்குத் தேவைப்படவில்லை. உட்கார்ந்து இரண்டு சுற்றுப் பார்த்தவன் மூன்றாவது சுற்றில் ஆடுவான். சட்டதிட்டம் முழுவதும் ஒருவன் மனத்தில் அடங்கி, அங்கிருந்து அடுத்தவனுக்குச் சேதாரமின்றிப் போக முடிகிற ஆட்டமே நெடுநாள் வாழ்கிறது. என் வாதம் இவ்வளவே.

கைபேசியில் வந்த பாம்பு கேம் இதற்கு இன்னொரு சான்று. 1976இல் பிளாக்கேட் என்ற பெயரில் காசு போட்டு ஆடும் எந்திரத்தில் தொடங்கிய அந்த யோசனை, 1997இல் நோக்கியா 6110இல் கைக்கு வந்தது. 2003இன் நோக்கியா 1100 உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. பாம்பு அதிலும் இருந்தது. 2006இல் திருத்தணியிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தது. சுற்று மாவட்டங்களின் இளைஞர்களும் இளம்பெண்களும் கம்பெனி பஸ் ஏறிப் போய்க் கைபேசி பூட்டினார்கள். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆலையும் போய் அந்தக் கைபேசிகளும் போன பின்பும் பாம்பு மட்டும் அழியாமல், ஸ்மார்ட்போனில் பல பெயர்களில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. அதை ஆட இரண்டு நிமிடம் போதும். விசைத்தறி ஓடும் ஊரில் இழை அறும், மின்சாரம் நிற்கும், பாவு மாற்றக் காத்திருக்க வேண்டும். ஓய்வு என்பது துண்டு துண்டாகத்தான் வரும். அந்தத் துண்டு நேரத்துக்குள் தொடங்கி முடிகிற ஆட்டத்துக்கு உழைப்பாளிகளின் ஊரில் என்றும் இடமுண்டு.

இதெல்லாம் ஏழ்மையின் கதைதானே, வேறு கிடைக்காததால் ஆடினார்கள், கிடைத்ததும் விட்டுவிட்டார்கள் என்று ஒருவர் சொல்லலாம். வலுவான மறுப்பு. 2016இல் ஜியோ வந்து இணையம் மலிவானதும் பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் இதே தெருக்களைப் பிடித்துக்கொண்டதை யாரும் மறைக்க முடியாது. ஆனால் மலிவு என்பது ஒரு பொருள் ஏன் வந்தது என்பதைத்தான் விளக்கும். ஏன் தங்கியது என்பதை விளக்காது. டெட்ரிஸை எடுத்துக்கொள்வோம். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் அதை எழுதிய கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளை வைத்துத்தான் கட்டங்களைக் காட்டினார். நம் திருவிழாக் கடைகளில் 'பிரிக் கேம்' என்று விற்ற கறுப்பு வெள்ளைப் பெட்டியும் அதுவே. காசு கொடுத்து எதையும் வாங்கக்கூடியவர்களும் அதையே வாங்கினார்கள்: 2010க்குள் கைபேசிகளுக்கு மட்டும் 10 கோடி முறை விலைக்குப் போயிருந்தது. ஏழ்மை என்ற ஒற்றைக் காரணம் அந்த எண்ணிக்கைக்கு முன் நிற்காது.

இன்னொரு மறுப்பு, இது வெறும் பால்ய ஏக்கம் என்பது. நாற்பதைத் தொட்டவர்கள் கான்ட்ரா இசையைக் கேட்டுக் கலங்குவதில் ஏக்கம் இருக்கிறது, சந்தேகமில்லை. அப்படியானால் 2023 டிசம்பரில் நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது? நிண்டெண்டோவின் 1989ஆம் ஆண்டு டெட்ரிஸை அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் 157ஆம் கட்டம் வரை ஆடி, நிரலே திணறி உறைந்து நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோனான். மனிதர் ஒருவர் அதைச் செய்தது அதுவே முதல்முறை. ஆட்டம் வெளியாகி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவன் அவன். ஏங்குவதற்கு அவனுக்கு அங்கே பால்யம் இல்லை. அவனை இழுத்தது, தோற்கும்போது எங்கே தவறினோம் என்று அப்பட்டமாகத் தெரியும் நேர்மை. கான்ட்ராவில் ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் போகும், அவ்வளவுதான். பணம் கட்டினால் பலம் கூடும் என்றோ, நாளை வந்தால் பரிசு என்றோ அது பேரம் பேசாது.

பேரம் பேசும் ஆட்டங்களின் நிலையாமையையும் நாம் கண்ணால் பார்த்துவிட்டோம். 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரை. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். கவனிக்க வேண்டியது, ஆண்டுக்கணக்கில் ஆடிச் சேர்த்தது முழுவதும் ஓர் அறிவிப்பில் கையைவிட்டுப் போக முடிந்தது என்பது. அந்த ஆட்டம் ஆடியவரின் வீட்டில் இருக்கவில்லை. எங்கோ ஒரு சர்வரில் இருந்தது. கேசட் வீட்டில் இருந்தது. அண்ணனிடமிருந்து தம்பிக்கும், ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கும் கைமாறியது.

புதியது என்பதற்காகவே எதையும் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2011இல் முழுமையாக வெளியான மைன்கிராஃப்ட் 30 கோடிக்கும் மேல் விற்று, உலகில் அதிகம் விற்ற ஆட்டமாக நிற்கிறது. அதுவும் கட்டம் கட்டமான உலகம், தோண்டு, அடுக்கு என்ற இரண்டே வினை. வயதைவிட எளிமைதான் காரணம் என்பதற்கு அதுவே போதும். பழையவை எல்லாம் நன்றாக இருந்தன என்றும் சொல்ல முடியாது. 1982இல் அடாரி வெளியிட்ட ஈ.டி. ஆட்டம் விற்காமல் தேங்கி, நியூ மெக்சிகோவின் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டது. நாம் கொண்டாடுவது சல்லடையில் மிஞ்சியவற்றை. மிஞ்சியவையும் தானாக மிஞ்சவில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. மரியோவைக் காக்க நிண்டெண்டோ இருக்கிறது. பெயர் மாற்றி, எழுத்து மாற்றி, லைஃப் எண்ணிக்கை மாற்றி நம் ஊர்களுக்கென்றே வந்த போலிக் கேசட்டுகளுக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. ஆர்.கே.பேட்டையிலோ பள்ளிப்பட்டிலோ பொதட்டூர்பேட்டையிலோ யார் வீட்டுப் பரணிலாவது அப்படியொரு பெட்டி கிடந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். எந்த ஆண்டில், எந்தக் கடையில் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு ஒட்டிவையுங்கள். பக்கத்துக் கல்லூரியோ நூலகமோ வாங்கி வைக்க முன்வந்தால் கொடுத்துவிடுங்கள்.