உல்லர்: கதையில்லாத வடபுலத் தெய்வம்

உல்லர், ஸ்காண்டிநேவிய மக்கள் கிறித்தவத்துக்கு மாறுவதற்கு முன் வணங்கிய தெய்வங்களுள் ஒருவர். வில், வேட்டை, பனிச்சறுக்கு, கேடயம் ஆகியவற்றுக்கு உரியவர். தெய்வங்களின் தலைவர் ஓடின், தோர், லோகி ஆகியோரைப் பற்றி விரிவாகப் பேசும் வடபுல இலக்கியத்தில் உல்லருக்கென்று முழுக் கதை ஒன்றுகூட இல்லை. ஆனால் நார்வேயிலும் சுவீடனிலும் இவர் பெயரால் அமைந்த ஊர்கள் பல. அதனால் இவருடைய வரலாற்றை ஏடுகளைவிட ஊர்ப்பெயர்களையும் அகழாய்வையும் கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது.

ஏடுகள் தரும் செய்தி சிறிதுதான். ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220-ஐ ஒட்டி எழுதிய 'எத்தா' நூலில் உல்லரைச் சிஃப் என்னும் பெண் தெய்வத்தின் மகன் என்கிறார். சிஃப்பின் கணவர் தோர், ஆனால் உல்லரின் தந்தை அவரல்லர். தந்தை யார் என்று ஸ்னோரி சொல்லவே இல்லை. வில்லிலும் பனிச்சறுக்கிலும் இவரை வெல்ல ஆளில்லை, பார்க்க அழகர், இருவர் மட்டும் மோதும் போரில் வேண்டிக்கொள்ள ஏற்றவர் என்று முடித்துவிடுகிறார். 'கிரிம்னிஸ்மால்' என்னும் பழம்பாடல் இவருடைய இருப்பிடத்தை ஈடாலிர், அதாவது யூ மரப் பள்ளத்தாக்கு, என்று குறிக்கிறது. வடபுலத்தில் வில் செய்ய விரும்பி எடுத்த மரம் யூ என்பதால் வில்லாளிக்கு அது தக்க இடம்தான். 'அட்லக்விதா' என்ற இன்னொரு பாடலில் உல்லரின் மோதிரத்தின் மேல் ஆணையிட்ட செய்தி வருகிறது. அரசவைப் புலவர்கள் கேடயத்தை 'உல்லரின் கப்பல்' என்று பாடினார்கள். கேடயம் எப்படிக் கப்பலாயிற்று என்பதை விளக்கும் கதை நமக்குக் கிடைக்கவில்லை.

1200-ஐ ஒட்டி இலத்தீனில் டேனிய வரலாறு எழுதிய சாக்சோ கிராமட்டிகஸ் உல்லரை ஒல்லெரஸ் என்ற பெயரில் காட்டுகிறார். ஓடின் நாடு கடத்தப்பட்டபோது மற்றத் தெய்வங்கள் ஒல்லெரஸை அரியணையில் ஏற்றி, ஓடின் என்ற பெயரையும் சூட்டுகின்றன. பத்தாண்டு ஆட்சிக்குப் பின் ஓடின் திரும்பிவர, ஒல்லெரஸ் சுவீடனுக்குத் தப்பியோடி அங்கே டேனியர் கையால் மடிகிறார். மந்திரம் பொறித்த எலும்பைக் கப்பலாக்கி இவர் கடல் கடந்தார் என்பது சாக்சோ தரும் இன்னொரு செய்தி. இது விலங்கெலும்பை இழைத்துக் காலில் கட்டிக்கொண்டு பனிக்கட்டி மேல் சறுக்கிய வழக்கத்தின் மங்கிய நினைவாக இருக்கலாம். அத்தகைய எலும்புச் சறுக்கிகள் சுவீடனின் பிர்க்கா நகர அகழாய்வில் நிறையக் கிடைத்திருக்கின்றன. தெய்வங்களைப் பழைய மந்திரவாதிகளாகக் குறைத்துக் காட்டுவது சாக்சோவின் வழக்கம். அந்தக் கழிவைத் தள்ளித்தான் அவரைப் படிக்க வேண்டும்.

மண்ணிலிருந்து கிடைத்த சான்றுகளில் மிகப் பழையது வட ஜெர்மனியின் தோர்ஸ்பெர்க் சதுப்பில் எடுத்த வெண்கல உறைமுனை. வாள் உறையின் அடிநுனியில் பொருத்தும் இச்சிறு துண்டில், ஏறத்தாழ கி.பி. 200-ஐச் சேர்ந்த ரூனிக் எழுத்துகள் உள்ளன. அதிலுள்ள ஒரு சொல்லை 'உல்லரின் அடியான்' என்று பலர் படிக்கிறார்கள். அந்த வாசிப்பு சரியானால், ஸ்னோரிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இத்தெய்வத்தின் பெயரைத் தம் பெயரில் சுமந்திருக்கிறார்.

அதைவிடத் தெளிவான சான்று ஸ்டாக்ஹோமுக்கு வடமேற்கேயுள்ள லில்லா உல்லெவி. 'உல்லெவி' என்றாலே உல்லரின் திருவிடம். 2007-இல் அங்கே தோண்டியபோது வழிபாட்டுக்காக அடுக்கிய கல்மேடையும், அதைச் சுற்றி 65 இரும்பு வளையங்களும் வெளிப்பட்டன. தாயத்தாகக் கருதப்படும் அவ்வளையங்கள் கி.பி. 7, 8-ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியவை. மோதிர ஆணை பற்றிய பாடல்வரி வெறும் கற்பனையாக இருக்காது என்று எண்ணத் தூண்டுபவை இவைதான்.

சுவீடனில் உல்லெரோக்கர், நார்வேயில் உல்லென்சாக்கர், உல்லென்ஸ்வாங் என்று ஊர்ப்பெயர்கள் தொடர்கின்றன. வயல், மேடு, கோயிலிடம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களோடு இணைந்து வருவதால் இவை வெறும் அடையாளப் பெயர்கள் அல்ல, வழிபாட்டிடங்களே என்று கொள்கிறார்கள். 870 வாக்கில் நார்வேயினர் குடியேறத் தொடங்கிய ஐஸ்லாந்தில் இத்தகைய பெயர்கள் இல்லை. குடியேற்றக் காலத்துக்குள் உல்லர் வழிபாடு தேய்ந்திருக்க வேண்டும் என்பது பொதுவான முடிவு. நமக்குக் கிடைத்த இலக்கியமெல்லாம் பெரும்பாலும் ஐஸ்லாந்தில் எழுதப்பட்டதால், அங்கே மறக்கப்பட்ட தெய்வத்துக்கு ஏட்டிலும் இடம் சுருங்கியது. இவரை ஓடினுக்கு முந்திய வானத்துத் தலைமைத் தெய்வமாக்கிய அறிஞர்களும் உண்டு. இருக்கும் சான்றுகள் அவ்வளவு பெரிய கட்டடத்தைத் தாங்கா.

18-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துச் சுவடி ஒன்றில் உல்லர் வில்லோடும் பனிச்சறுக்குக் கட்டைகளோடும் வரையப்பட்டிருக்கிறார். பனிச்சறுக்கு விளையாட்டாக மாறிய பின் இவருக்கு மறுவாழ்வு கிடைத்தது. வீரர்கள் இவர் உருவம் பொறித்த பதக்கத்தைக் காப்பாக அணிகிறார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள பிரெக்கன்ரிட்ஜ் நகரம் 1963 முதல் இவர் பெயரில் குளிர்காலத் திருவிழா நடத்துகிறது.