வெர்சாய் அறைக்குள் ஓர் எலும்புக்கூடு

இந்த எபிசோடு ஒரு விளம்பர வீடியோவிலிருந்து ஆரம்பிக்குது. மெக்சிகோ கடற்கரையில் ஒரு சொகுசு ரிசார்ட். புயெப்லா ஊர் தலவேரா ஓடு பதிச்ச குளியலறை, ஒஹாகா கருப்புக் களிமண் ஜாடி, வரவேற்பறைச் சுவரில் 'ஒரிஜினல்' ஓவியம். அழகாத்தான் இருக்கு. ஆனா எனக்கு உடனே ஞாபகம் வந்தது வேற ஒரு ஹோட்டல். அவங்களும் ஆசைப்பட்டுத்தான் ஒரு பெரிய சுவரோவியம் வரையச் சொன்னாங்க. அப்புறம் அதை எட்டு வருஷம் மூடி வெச்சிருந்தாங்க.

மெக்சிகோ நகரத்தின் நடுவில் அலமேதா என்று ஒரு பழைய பூங்கா. அதுக்கு எதிரே எழும்பிய ஹோட்டல் டெல் பிராடோவைக் கட்டியவர் கார்லோஸ் ஒப்ரெகோன் சாந்தாசிலியா. அதன் சாப்பாட்டு அறைக்கு ஓவியம் கேட்டு, 1947-ல் டியேகோ ரிவேராவிடம் போனார். அந்த அறைக்கு என்ன பேரு தெரியுமா? 'வெர்சாய்'. பிரெஞ்சு ராஜாவோட அரண்மனைப் பேரு! இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

ரிவேரா ஏற்கெனவே ஹோட்டல்காரங்ககிட்ட சூடுபட்டவர். 1936-ல் ஹோட்டல் ரிஃபார்மாவுக்காகத் திருவிழாக் காட்சிகளாக நான்கு ஓவியப் பலகைகள் வரைந்தார். அதில் அதிகாரத்தில் இருப்பவர்களைக் கிண்டலடித்திருந்தார். ஹோட்டல் முதலாளி ஆல்பெர்ட்டோ பானி முன்னாள் நிதி அமைச்சர். ஓவியரைக் கேட்காமலே படத்தைத் திருத்தினார்கள். ரிவேரா கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சார். ஆனாலும் பலகைகள் ஹோட்டலில் தங்கலை, இப்போ அவை பெய்யாஸ் ஆர்தெஸ் கலை மாளிகையில் இருக்கு.

இந்த முறை அவர் வரைந்தது பலகையில் இல்லை, சுவரில். ஃபிரெஸ்கோ என்பது முதலில் கொத்தனார் வேலை, அப்புறம்தான் ஓவியர் வேலை. சுண்ணாம்புப் பூச்சு ஈரமா இருக்கும்போதே, தண்ணியில் அரைச்ச வண்ணத்தைப் பூசணும். சுண்ணாம்பு காத்தை இழுத்து இறுகும்போது வண்ணமும் சேர்ந்து கல்லாயிடும். அன்னிக்கு வரைய முடியுற அளவுக்குத்தான் பூச்சு போடுவாங்க.

படத்தின் பேர் 'அலமேதா பூங்காவில் ஒரு ஞாயிறு மதியக் கனவு'. கிட்டத்தட்ட 15 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம், நூறு பேருக்கும் மேல். ஓரத்தில் ரத்தக்கறை படிந்த கைகளோடு கோர்தேஸ். இன்னொரு பக்கம், ஒரு பழங்குடிக் குடும்பத்தைப் பூங்காவை விட்டுத் துரத்தும் போலீஸ்காரர். எதிர்ல மேஜையில் ஒயின் கிளாஸோடு உட்கார்ந்திருப்பவங்க பார்க்க வேண்டிய காட்சி இது!

நடுவில் ஓர் எலும்புக்கூட்டுச் சீமாட்டி, கத்ரீனா. இன்னிக்கு டீ-ஷர்ட், டாட்டூ, காபி கப்னு எல்லாத்துலயும் இருக்காளே, அவளேதான். ஒரு கை சிறுவன் ரிவேராவின் கையைப் பிடிச்சிருக்கு. பையன் பாக்கெட்டில் தவளை, பின்னால் ஃப்ரீடா காலோ. அவளோட இன்னொரு கையைக் கோத்துக்கொண்டு கருப்பு சூட்டில் நிற்கிறவர்தான் எனக்கு முக்கியமானவர்: ஹோசே குவாதலூப்பே போசாதா.

போசாதா ஒரு அச்சுக்கூடத் தொழிலாளி. வனேகாஸ் அரோயோ என்பவரின் அச்சகத்துக்காக உலோகத் தகடுகளில் படம் செதுக்குவார். கொலைச் செய்தி, பாட்டு, கேலி எல்லாம் மலிவான தாளில் அச்சாகித் தெருவில் விற்கும். 1913-ல் ஏழையாகச் செத்தார், ஏழைகளுக்கான இடத்தில் புதைத்தார்கள். கத்ரீனாவின் மூல உருவம் அவர் செதுக்கியதுதான். அதில் தலையும் பெரிய தொப்பியும் மட்டும்தான். அதன் பேர் 'கர்பன்செரா', கொண்டைக்கடலைக்காரி. தன் பழங்குடி வேரை மறைச்சு, ஐரோப்பியச் சீமாட்டி மாதிரி வேஷம் கட்டுறவங்களுக்கு வெச்ச கிண்டல் பேரு. ரிவேரா அவளுக்கு உடம்பு கொடுத்தார், கழுத்தில் இறகுப் பாம்பைச் சுத்திவிட்டார். அப்புறம் கொண்டுபோய் 'வெர்சாய்' அறையில நிறுத்தினார். அறையோட பேரைத்தான் கிண்டல் பண்றார்னு நான் நினைக்கிறேன். எனக்கு இதுவே போதும்.

ஆனா சண்டை வந்தது இதுக்காக இல்லை. படத்தில் 19-ம் நூற்றாண்டு எழுத்தாளர் இக்னாசியோ ராமிரேஸ் ஒரு தாளைப் பிடிச்சிருந்தார். அதில் 'கடவுள் இல்லை' என்ற அவருடைய வாசகம். பேராயர் லூயிஸ் மரியா மார்ட்டினெஸ் ஹோட்டலை ஆசீர்வதிக்க மறுத்தார். 1948 ஜூனில் மாணவர் கூட்டம் ஒன்று உள்ளே வந்து அந்த எழுத்துகளைச் சுரண்டியது. அழிக்கச் சொன்னால் ரிவேரா மசியவில்லை. அதனால் ஹோட்டல் ஓவியத்தையே மறைத்தது. காசு கொடுத்து வாங்கின கைவேலைக்கு முன்னால் ஒரு திரை!

1956-ல் ரிவேராவே வந்து அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, ராமிரேஸ் 1836-ல் பேசிய கூட்டத்தின் பேரை மட்டும் எழுதினார். அடுத்த வருஷம் இறந்துபோனார். அவர் விட்டுக்கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனா திரைக்குப் பின்னால் இருக்கிற போசாதாவை யாரு பார்ப்பாங்க?

1985 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தில் ஹோட்டல் மோசமாகச் சேதமடைந்தது, பிறகு இடித்தார்கள். ஓவியம் தப்பித்தது. 1986 டிசம்பரில், ஏறக்குறைய 35 டன் எடையுள்ள அந்தச் சுவரை அப்படியே தூக்கித் தெருவின் அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். அதைச் சுற்றி ஒரு மியூசியம் கட்டி 1988-ல் திறந்தார்கள். ரூம் எடுக்காதவங்களும் போய்ப் பார்க்கலாம். போசாதா கத்ரீனாவின் கையை விடலை. ராமிரேஸ் கையில் அந்த 1956-ம் வருஷத்துத் தாள்தான் இன்னும் இருக்கு.