ஃபேபியன், ஆண்ட்ரூ: ஆராய்ச்சிப் பிரசுரங்களும் மேற்கோள் செல்வாக்கும்

இங்கிலாந்தின் எக்ஸ் கதிர் வானியல் அறிஞர்களுள் முதன்மையானவராகக் கருதப்படும் ஆண்ட்ரூ ஃபேபியன் 1948-ஆம் ஆண்டில் பிறந்தவர். எக்ஸ் கதிர்களைப் பூமியின் வாயுமண்டலம் தடுத்துவிடுவதால், 1962 ஜூன் மாதத்தில் ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவருடைய சகாக்களும் ஏவிய ராக்கெட் விருச்சிக ராசியின் திசையிலிருந்து வரும் கிரணங்களைச் சில நிமிஷ நேரத்தில் கண்டறிந்து வந்த பிறகே இந்த விஞ்ஞானம் தோன்றியது எனலாம். ஆகவே ஃபேபியன் மாணவராக நுழைந்தபோது அதற்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பௌதிகம் பயின்று, முல்லார்ட் விண்வெளி ஆராய்ச்சிக்கூடத்தில் 1972-இல் டாக்டர் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜ் வானியல் கழகத்தை அடைந்த அவர், அங்கேயே நிலைபெற்று, பின்னாளில் 2013 முதல் 2018 வரை அதன் இயக்குநராகவும் விளங்கினார்.

அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றை மேற்கோள் காட்டியவர்களின் எண்ணிக்கையிலும் அவருக்கு நிகரான வானியலாளர் உலகில் மிகச் சிலரே. ஆயினும், ஒரு கட்டுரையை ஏற்பவரும் மறுப்பவரும் ஒருங்கே அதை எடுத்துக்காட்டியாக வேண்டுமாதலால், மேற்கோளின் தொகை ஒரு கருத்தின் உண்மையை அளப்பதன்று. பிறர் விலகிச் செல்ல முடியாத கேள்வி ஒன்று அதில் எழுப்பப்பட்டிருக்கிறது என்பதையே அது காட்டுகிறது. ஃபேபியனுடைய பிரசுரங்களின் சரித்திரம் இதற்குச் சிறந்த சான்று.

1975-இல் ஜிம் பிரிங்கிள், மார்ட்டின் ரீஸ் ஆகியோருடன் அவர் எழுதிய சில பக்கங்களே கொண்ட கட்டுரை, கோளக் கொத்துகளில் நெருங்கிக் கடந்து செல்லும் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று ஓதவிசையால் பற்றிக்கொண்டு இரட்டைகளாகும் விதத்தை விளக்கி, இன்றளவும் எடுத்தாளப்படுகிறது. இதனினும் பெரிய வாதத்தைத் தொடங்கிவைத்தது, 1977-இல் பால் நல்சனுடன் அவர் வெளியிட்ட கட்டுரை. நட்சத்திர மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் திரண்ட பெருங்கூட்டங்களின் இடைவெளியெங்கும் பல கோடி டிகிரி வெப்பமுள்ள வாயு நிறைந்திருக்கிறது. எக்ஸ் கதிர்களை வீசுவதால் அது தன் சக்தியை இழக்கிறது. நடுவில் அடர்த்தி மிகுதியாதலால் அங்கே விரைவில் குளிர்ந்து அழுத்தம் குறைய, வெளியிலுள்ள வாயு மெல்ல உள்நோக்கி வழிந்தாக வேண்டும் என்பது அதன் சாரம். குளிர்வோட்டம் என வழங்கும் இக்கொள்கையைத் தொகுத்துரைத்து 1994-இல் அவர் எழுதிய மதிப்புரை, சில கூட்டங்களில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான சூரியன்களின் நிறைக்கு ஈடான வாயு குளிர்ந்து படிவதாகக் கணக்கிட்டது.

அவ்வளவு வாயு குளிர்ந்திருக்குமானால், அதிலிருந்து பிறந்த நட்சத்திரங்கள் எங்கே? இந்த வினா நெடுங்காலம் தீராதிருக்க, எக்ஸ்.எம்.எம். நியூட்டன் விண்கலத்தின் நிறமாலைக் கருவி 2001 அளவில், குளிர்ந்த வாயு தோற்றுவிக்க வேண்டிய இரும்பின் கோடுகள் எதிர்பார்த்த வலிமையில் இல்லை என்று காட்டிவிட்டது. இங்கேதான் ஃபேபியனின் அறிவு நேர்மை வெளிப்படுகிறது என்பது எம் கருத்து. தம் கணக்கைக் காப்பாற்றும் முயற்சியில் தேங்கிவிடாமல், வாயுவைக் குளிரவிடாமல் சூடேற்றுவது எது என்ற ஆராய்ச்சியில் அவர் முன்னணியில் நின்றார். தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999-இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி பெர்சியஸ் கூட்டத்தை நோக்கியபோது, நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து பாயும் தாரைகள் வாயுவில் பெருங்குமிழிகளை ஊதியிருப்பதும், அவற்றுக்கு அப்பால் வட்ட வட்டமாய் அலைகள் பரவியிருப்பதும் தெரிந்தன. 2003-இல் அவர் குழு அவற்றை ஒலியலைகளென்று விளக்கியது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே கழியும் காலம் ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு. அதனைச் சங்கீத வழக்கில் சொன்னால், பியானோவின் நடு ஸ்வரத்துக்கு 57 ஸ்தாயிகள் கீழே ஒலிக்கும் நாதம். கருந்துளை தன் சுற்றுப்புறத்தை எவ்வாறு ஆள்கிறது என்பதைப் பற்றி 2012-இல் அவர் எழுதிய மதிப்புரை, அவருடைய கட்டுரைகளுள் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றுள் ஒன்று.

அவருடைய ஆராய்ச்சியின் மற்றொரு கிளை இரும்பின் நிறமாலைக் கோட்டைப் பற்றியது. எக்ஸ் கதிர் படும் இரும்பு 6.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் சக்தியில் ஒளிர்கிறது. அந்த இரும்பு கருந்துளையை வெகு அருகில் சுற்றும் தட்டில் இருந்தால், சுழற்சி வேகத்தால் கோடு அகன்று, ஈர்ப்பின் கடுமையால் தாழ்ந்த சக்தியின் பக்கம் நீண்ட வாலாக இழுபடும். 1989-இல் ரீஸ், லூயிஜி ஸ்டெல்லா, நிக்கோலஸ் வைட் ஆகியோருடன் அவர் கணித்துக் காட்டிய இவ்வடிவத்தை, ஜப்பானின் அஸ்கா விண்கலம் எம்.சி.ஜி.–6–30–15 என்னும் மண்டலத்தை நான்கு நாட்களுக்கும் மேலாக நோக்கிப் பதிவு செய்தது. 1995-இல் யசுவோ தனகா முதலாசிரியராக வெளிவந்த அக்கட்டுரையில் ஃபேபியனும் பங்காளி. இடையிலுள்ள வாயு கதிரை உட்கவர்வதால் எழும் தோற்றமே இது என்று மறுத்தவர்களும் உண்டு; அவர்களும் அதையே எடுத்துக்காட்டினர். இப்பணிக்காகத் தனகா, ஃபேபியன் இருவருக்கும் 2001-இல் புரூனோ ரோஸி பரிசு கிடைத்தது.

பிறர் எழுத்துக்கும் அவர் காவலராக இருந்தார்: ராயல் வானியல் சங்கத்தின் மாதாந்தரப் பத்திரிகைக்கு 1994 முதல் 2008 வரை தலைமையாசிரியர், பிறகு 2010 வரை அச்சங்கத்தின் தலைவர். 2012-இல் அதன் பொற்பதக்கமும், 2020-இல் வான்பௌதிகத்துக்கான காவ்லி பரிசும் அவரை அடைந்தன.

பெர்சியஸ் வாயுவைப் பற்றிய கேள்வியோ ஓயவில்லை. 2016-இல் ஏவப்பட்ட ஹிட்டோமி விண்கலம் சில வாரங்களிலேயே சிதைந்துபோயினும், அதற்குள் பெர்சியஸ் வாயுவின் கொந்தளிப்பு வேகத்தை வினாடிக்கு 164 கிலோமீட்டர் என அளந்து தந்துவிட்டது. ஃபேபியனும் இடம்பெற்ற குழு வெளியிட்ட இம்முடிவு, வாயு எதிர்பார்த்ததைவிட அமைதியாக இருப்பதைக் காட்டியதால், சூடேற்றும் சக்தி நடுவிலிருந்து வெளிப்புறம் வரை எவ்வழியாகப் போய்ச் சேருகிறது என்ற பிரச்சினை மேலும் கூர்மையடைந்தது; அவ்வேகத்தை அளந்த அதே வகைக் கருவியைச் சுமந்து 2023 செப்டம்பரில் எக்ஸ்ரிசம் விண்கலம் புறப்பட்டது.