மகிழடித்தீவு இறால் பண்ணை வழக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவில் இயங்கிய இறால் பண்ணை 1987 ஜனவரி 28 அன்று அழிக்கப்பட்டதால் எழுந்த சர்வதேச நடுத்தீர்ப்பு வழக்கு. ‘ஏசியன் அக்ரிகல்சரல் புரடக்ட்ஸ் லிமிடெட் எதிர் இலங்கைக் குடியரசு’ என்பது முறையான பெயர், சுருக்கமாக ஏ.ஏ.பி.எல். வழக்கு. இரு நாடுகள் செய்துகொண்ட முதலீட்டு உடன்படிக்கையை ஆதாரமாகக் காட்டி ஒரு தனியார் கம்பனி ஓர் அரசின் மேல் தொடுத்து, உலக வங்கியின் நடுத்தீர்ப்பு நிலையத்தில் தீர்ப்பு வரை போன முதல் வழக்கு இது. சர்வதேச முதலீடு பற்றிப் படிப்பவர் எந்த நாட்டு மாணவரானாலும் இதைத் தாண்டிப் போவது அரிது. பழுகாமம் முதல் கொக்கட்டிச்சோலை வரையுள்ள ஊர்களில் கேட்டால் அந்த நாளுக்கு வேறு பெயர் சொல்வார்கள்: இறால் பண்ணைப் படுகொலை.

வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. பழுகாமம், மண்டூர், மகிழடித்தீவு எல்லாம் படுவான்கரை ஊர்கள். வேளாண்மை, மாடு, வாவி மீன் என்று ஓடிய வாழ்க்கை. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை மகிழடித்தீவுப் பக்கத்தார் ‘பாதை’ என்ற மிதவைப் படகு ஏறித்தான் அக்கரை போய் வந்தார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு ஹொங்கொங் பணம் எப்படி வந்து சேர்ந்தது?

வழி கொழும்பில் திறந்தது. 1977இல் ஆட்சி மாறியதும் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரை, பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை பெற்ற முதலீட்டு உடன்படிக்கைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 1980 பெப்ரவரியில் பிரித்தானியாவோடு அத்தகைய உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாகி, மறு ஆண்டு அப்போதைய பிரித்தானியக் குடியேற்றமான ஹொங்கொங்குக்கும் விரிக்கப்பட்டது. அந்த விரிப்பு இல்லையென்றால் இந்த வழக்கே இல்லை. 1985இல் ஏ.ஏ.பி.எல். என்ற ஹொங்கொங் கம்பனி, இறால் வளர்த்து ஜப்பானுக்கு அனுப்பத் தொடங்கப்பட்ட ‘செரண்டிப் சீ ஃபூட்ஸ்’ என்ற இலங்கைக் கம்பனியில் ஏறத்தாழ 48 வீதப் பங்குகளை வாங்கியது.

ஏற்றுமதி தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் நடந்த காலம் அது. பொலிசின் விசேட அதிரடிப்படை கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நடத்திய நடவடிக்கையில் பண்ணை நாசமானது. பணியாளர்கள் இருபது பேருக்கு மேல் கொல்லப்பட்டதாகக் கம்பனி சொன்னது. அன்று அந்தப் பகுதியில் இறந்த பொதுமக்களின் தொகை பற்றிப் பதிவுகள் ஒத்துப்போகவில்லை. அதிகம் எடுத்தாளப்படுவது 83.

1987 ஜூலையில் கம்பனி வொஷிங்டனிலுள்ள ‘முதலீட்டுப் பிணக்குகளைத் தீர்ப்பதற்கான சர்வதேச நிலைய’த்துக்குப் போனது. கேட்ட நட்டஈடு 80 இலட்சம் டொலருக்குச் சற்று மேல். உடன்படிக்கை ‘முழுப் பாதுகாப்பு’ தருவதாகச் சொல்வதால், யார் அழித்தாலும் அரசே பொறுப்பு என்பது அதன் வாதம். பண்ணையைப் புலிகள் பயன்படுத்தினார்கள் என்றது அரசு.

எகிப்தியச் சட்டவியலாளர் அஹமத் எல்-கொஷேரி தலைமையில் மூவர் அமர்ந்த தீர்ப்பாயம் 1990 ஜூன் 27 அன்று தீர்ப்பளித்தது. யார் அழித்தாலும் அரசு ஈடுகட்ட வேண்டும் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. படையினர்தான் அழித்தார்கள் என்பதற்கும் போதிய சான்றில்லை என்றது. ஆனாலும் அரசு தப்பவில்லை. சந்தேகத்துக்குரியவர்கள் பண்ணையில் இருந்தால் தாக்குதலுக்கு முன்பே நிர்வாகத்தோடு பேசி அவர்களை அமைதியாக வெளியேற்றியிருக்கலாம். அதைச் செய்யாதது உரிய கவனமின்மை என்று பெரும்பான்மையினர் முடிவு செய்தனர். கானா நாட்டவரான சாமுவேல் அசாண்டே உடன்படாமல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். ‘உரிய கவனம்’ என்ற அளவுகோலுக்கு இன்றும் மேற்கோளாவது பெரும்பான்மைத் தீர்ப்பின் அந்தப் பகுதிதான்.

தொகை 4,60,000 டொலர். 1987 ஜூலை முதல் பத்து வீத வட்டி. கேட்டதில் பதினாறில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. சந்தையில் இரண்டு மூன்று வருடமாவது நிலைத்திராத கம்பனிக்கு நற்பெயரின் மதிப்போ எதிர்கால இலாபமோ கணக்கிட முடியாது என்பது காரணம். தொழில் மதிப்பீடு படிக்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது கடினம்.

அன்றைக்கு இது ஒரு சிறு தொகைத் தீர்ப்பு. பின்னர் இதே வழியில் முதலீட்டாளர்கள் அரசுகள் மேல் தொடுத்த வழக்குகள் 2023 முடிய 1,300ஐத் தாண்டின. இலங்கையே திரும்பவும் மாட்டியது: எண்ணெய் விலைக் காப்பு ஒப்பந்தம் தொடர்பில் 2012இல் டொயிச்ச வங்கிக்கு 6 கோடி டொலர் கொடுக்குமாறு தீர்ப்பாயிற்று.

கம்பனி தன் பங்குகளுக்காக வொஷிங்டன் போக முடிந்தது. பண்ணையில் கூலிக்கு நின்றவர்களின் குடும்பங்களுக்கு அந்த உடன்படிக்கையில் இடமே இல்லை. அரசின் மேல் வழக்கிட அது வழி தந்தது முதலீட்டாளருக்கு மட்டுமே. போர் நடக்கும் இடத்தில் தொழில் தொடங்கும் கம்பனி தன் பணியாளருக்கு என்ன கடன்பட்டது என்று தீர்ப்பாயத்தை எவரும் கேட்கவில்லை. பல்தேசியக் கம்பனிகளுக்கான ஓஈசிடி அமைப்பின் வழிகாட்டிகள் 1976இலேயே வந்துவிட்டன. போபால் நச்சுவாயு விபத்து 1984இல் நடந்துவிட்டது. ஆனாலும் ‘கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு’ என்றால் அந்நாட்களில் பெரும்பாலும் நன்கொடைதான். 2011இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஏற்ற, ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஜோன் ரகி வகுத்த வழிகாட்டும் கோட்பாடுகள்தான் மோதல் பகுதிகளைத் தனியே குறிப்பிட்டு, மனித உரிமைக்கு நேரக்கூடிய ஆபத்தை முன்கூட்டியே ஆராயும் ‘உரிய கவன’த்தைக் கம்பனிகளிடமும் எதிர்பார்த்தன. அவை சட்டமாகக் கட்டுப்படுத்துவன அல்ல. அவற்றைக் காட்டி மகிழடித்தீவுக் குடும்பமொன்று வொஷிங்டன் நிலையத்தில் வழக்குப் போட இன்றும் வழியில்லை.