கத்தாருக்கு ஒரே முகவரி

பச்சைமலை டாப் செங்காட்டுப்பட்டியில் உட்கார்ந்து, இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் ஊர்ப்பெயரைத் திருத்தப் போனேன். தடை! போனில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தது, தப்பு என்னுதுதான். அணைத்ததும் சரியாச்சு. அணைக்கவே முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

2007 பிறந்த சமயம், யாரோ செய்த விஷமத்துக்காக ஆங்கில விக்கிப்பீடியாவில் ஓர் ஐபி முகவரியைத் தடுத்தார்கள். கத்தாரின் கியூடெல் நிறுவனம் நாட்டு இணையம் மொத்தத்தையும் அந்த ஒரே பதிலி வழியாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. ‘கத்தாருக்கே தடை’ என்று செய்தி பரவ, ஜிம்மி வேல்ஸ் மறுக்க வேண்டியதாயிற்று. ஒரு நாளுக்குள் தடை நீங்கியது.

எனக்கு உறுத்துவது வேறு. தடுக்கப்பட்ட முகவரிக்கு அப்போது முறையிடும் இடமாக இருந்தது அதன் பேச்சுப் பக்கம். ஆக, விஷமம் செய்தவனும், தோஹாவில் வேலை பார்த்த நம்மூர்க்காரரும் மனுப் போட வேண்டியிருந்தது அதே பக்கத்தில்தான்.