சிலோன் வாய்ப்புண்: துரைக்கு வந்தா ஒரு பேரு, நமக்கு வந்தா ஒரு பேரு

வட்டவளையில மழை பிடிச்சா லேசுல விடாது. லயத்துக் கான் நிரம்பி வாசல் வரைக்கும் வரும். அடுத்த வாரமே ஏதாவது ஒரு காம்பராவில "புள்ளைக்கு வயித்தால போகுது" என்ற பேச்சுக் கேட்கும். நாங்கள் சின்ன வயசிலிருந்து கேட்டுப் பழகிய வசனம் இது. பழகிப்போனதாலேயே இதற்கும் ஒரு வரலாறு இருக்கும் என்று யோசித்ததில்லை.

இப்போது யூடியூப்பைத் திறந்தால் குடல் பக்டீரியா பற்றித்தான் பேச்சு. "நல்ல பக்டீரியா குடிங்க" என்று போத்தல் போத்தலாக விற்கிறார்கள். ஆனால் குடல் கிருமிகளின் சமநிலை குலைந்தால் மனிதருக்கு என்ன ஆகும் என்ற கேள்வியில் நம்ம நாட்டுப் பெயரே ஒட்டியிருக்கிறது. பழைய மருத்துவ நூல்களில் ஒரு நோய்க்கு "சிலோன் வாய்ப்புண்" என்று பெயர்.

அதன் இன்னொரு பெயர் ஸ்ப்ரூ. டச்சுச் சொல்லில் இருந்து வந்தது. 1880இல் பாட்ரிக் மான்சன் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் சீனாவில் இருந்து இதைப் பற்றி எழுதினார். நாக்கும் வாயும் சிவந்து புண்ணாகும். மாதக்கணக்கில் வயிற்றோட்டம் நிற்காது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையாக இருக்கும். ஆள் எலும்பும் தோலுமாகிப் போவார். ஆசியாவுக்கு வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் பலர் இதோடு கப்பலேறி ஊர் திரும்பினார்கள். அதனால் இது பெரும்பாலும் ஐரோப்பியருக்கு வரும் நோய் என்றே அக்கால வைத்தியர்கள் நினைத்தார்கள்.

1903இல் அல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய வைத்தியர் கொழும்பு பக்டீரியா ஆய்வு நிலையத்துக்கு வந்தார். வயிற்றுளைவுக் கிருமிகளைத் தேடிப் பிரித்தவர். அவற்றில் ஒன்றுக்கு இலங்கையின் பெயரையே வைத்தார். ஸ்ப்ரூ நோயாளிகளின் குடலில் பூஞ்சைகளையும் கண்டு எழுதினார். பூஞ்சைதான் காரணம் என்று அந்தக் காலத்தில் சிலர் நம்பினார்கள். அது சரியில்லை. ஆனால் குடலுக்குள் வாழும் உயிர்களைத் தேடிய திசை சரிதான்.

அதே காலத்தில் தோட்டத்தில் என்ன நடந்தது? 1872இலேயே தோட்ட மக்களின் மருத்துவத் தேவைக்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவு மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. பரிசோதித்தவர்களில் மிகப் பெரும்பாலானோரின் குடலில் புழு இருந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் மலசலகூடம் கட்டச் சொன்னபோது தோட்ட முதலாளிமார் பின்வாங்கினார்கள். மருந்து மலிவு, மலசலகூடம் செலவு. வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்த ஆளுக்குப் புழு திரும்பவும் ஏறியது.

யோசித்துப் பாருங்கள். துரைக்கு வயிறு கெட்டால் அதற்குத் தனிப் பேரு, தனி ஆராய்ச்சி, கப்பல் டிக்கெட். எங்கள் பூட்டிக்கு வயிறு கெட்டிருந்தால்? சீதபேதி, இல்லாட்டி கொக்கிப்புழு, இல்லாட்டி "சுத்தமில்லாத சனம்". அடுத்த நாள் காலையில பெரட்டு.

இந்தக் கதையைத் திருப்பியது தமிழ்நாடு. 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய் போலப் பரவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பேக்கர், மாத்தன் ஆகியோரின் குழு அதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தது. நோயாளிகள் துரைமார் இல்லை, கிராமத்துச் சனங்கள். நம்ம முன்னோர் கப்பலேறி வந்த அதே தமிழ் மண்ணின் ஆட்கள்.

விஷயம் இதுதான். பெருங்குடலில் கோடானுகோடி பக்டீரியா இருக்கலாம், இருக்கவும் வேண்டும். சிறுகுடலில் கொஞ்சம்தான் இருக்க வேண்டும். ஸ்ப்ரூவில் பக்டீரியா சிறுகுடலில் பெருகிக் குடியேறுகிறது. சாப்பாட்டை உறிஞ்சும் சின்னச் சின்ன விரல்கள் போன்ற பகுதி தேய்ந்துபோகிறது. ஃபோலிக் அமிலமும் விற்றமின் பி12உம் உடம்பில் சேராது. நாக்குப் புண்ணும் இரத்தசோகையும் அதனால் வருபவை. பேரு வாய்க்கு, பிழை குடலில். ஃபோலிக் அமிலமும் நுண்ணுயிர்க்கொல்லியும் சில மாதங்கள் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும்.

இது பழைய கதை என்று மூடிவைக்க முடியாது. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டத்துறையில் 32 வீதம். இதற்குச் சாப்பாட்டுக் குறைவும் வறுமையும் காரணம். ஆனால் அழுக்குத் தண்ணீரும் மோசமான வடிகாலும் இருக்கும் இடங்களில் பிள்ளைகளின் குடல் ஓயாமல் கிருமியோடு போராடி, வயிற்றோட்டமே இல்லாமல்கூட உறிஞ்சும் திறனை இழக்கிறது என்று உலகம் முழுக்க ஆய்வுகள் சொல்கின்றன. "நல்லாத்தான் சாப்பிடுது, உடம்பு புடிக்கல" என்று அம்மாமார் சொல்வது வெறும் புலம்பல் இல்லை.

டாக்காவின் மீர்பூர் சேரியில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்குக் கடலை மா, நிலக்கடலை, சோயா, வாழைக்காய் கலந்த உணவு கொடுத்தார்கள். வழக்கமான ஊட்ட உணவைவிட இதில் கலோரி குறைவு. ஆனாலும் குழந்தைகளின் எடை கூடுதலாக ஏறியது. குடல் பக்டீரியாவும் சீராகி வந்தது. அந்த நாலு சாமானும் ஹட்டன் சந்தையில கிடைக்கும்.

ஆகவே நாங்கள் சொல்ல வருவது ரெண்டு. ஒன்று, வயித்தால போனால் ஜீவனி கரைச்சுக் குடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்க. வைத்தியர் சொல்லாமல் ஃபாமசியில ரெண்டு கெப்சூல் வாங்கிப் போடாதீங்க. அது நல்ல பக்டீரியாவையும் சேர்த்தே அழிக்கும். ரெண்டு, போத்தல்ல விற்கும் பக்டீரியாவை நம்பி நம்ம குடல் வரலாறு மாறாது. சுத்தமான பீலித் தண்ணி, ஒழுங்கான மலசலகூடம், புள்ளைக்காம்பராவில சத்தான சாப்பாடு. 1916இலேயே செலவு என்று தள்ளிவைத்த கணக்கு இது. பில் இன்னும் நம்ம பிள்ளைகள் பேருலதான் நிற்கிறது.