சேற்று டயர்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்து மண்ணுக்கு

சேற்று டயர் என்பது களியிலும் சகதியிலும் பிடிமானம் கிடைக்கும்படி, பட்டன்களை ஆழமாகவும் அகன்ற இடைவெளி விட்டும் வார்த்த டயர். தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு இதைப் போடுகிறார்கள். கடைகளில் ‘எம்டி’ என்று கேட்டால் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். சாலைக்கும் மண்வழிக்கும் பொதுவான வகை ‘ஏடி’. சாலை டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மி.மீ. என்றால் சேற்று டயரில் ஏறத்தாழ 15 மி.மீ. இருக்கும்.

ஆழத்தைவிட இடைவெளியே முக்கியம். களிமண் பட்டன்களுக்கு நடுவே அப்பிக்கொண்டால் டயர் சில சுற்றுகளிலேயே வழவழப்பான உருளையாகிவிடும். அதன்பின் எத்தனை மி.மீ. ஆழம் இருந்தும் பயனில்லை. இடைவெளி அகலமாக இருந்தால் சக்கரம் சுழலும் வேகத்தில் மண் தெறித்து விழுந்து, அடுத்த சுற்றில் பட்டன் மறுபடியும் புதிதாகக் கடிக்கும். பக்கச் சுவரிலும் சில கட்டைகள் வார்த்திருப்பார்கள். வண்டிச்சோடு ஆழமாக விழுந்த வழியில் அதன் ஓரங்களைப் பற்றி ஏற அவை உதவும்.

டயரைத் தேர்ந்தெடுக்கும் முன் எந்த மண்ணில் ஓடப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் இது எளிதல்ல. தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை வழியாகக் கொள்ளிட முகத்துவாரம் வரை கரையோரம் மணல். பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் முந்திரி விளையும் செம்மண். அதன் அடியில் புவியியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று பெயரிட்ட பாறை அடுக்கு. தெற்கே சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம் கீழணையிலிருந்தும் வீராணத்திலிருந்தும் பாசனம் பெறும் காவிரிக் கடைமடையின் களிமண். காலையில் கிளம்பிய வண்டி மதியத்துக்குள் மூன்றையும் மிதித்துவிடும்.

செம்மண் நீரை விரைவில் உள்ளிழுக்கும். மழை விட்டதும் ஏடி டயரே தாராளம். மணலில் சேற்று டயர் பெரும்பாலும் கெடுதல்தான். அதன் பட்டன்கள் மணலைத் தோண்டி வண்டியைப் புதைக்கும். சேற்று டயரின் உண்மையான களம் கடைமடைக் களி. வடகிழக்குப் பருவமழையில் ஊறிய வாய்க்கால் கரையில் சாலை டயரோடு போன வண்டி, நேராகப் போவதற்குப் பதில் வாய்க்காலுக்குள் பக்கவாட்டில் சறுக்கும்.

இந்தச் சேற்றை ஜீப்புக்காரர்களுக்கு முன்பே டிராக்டர் ஓட்டுநர்கள் படித்துவிட்டார்கள். டிராக்டரின் பின் டயரில் ‘வி’ வடிவில் சாய்ந்த கட்டைகள் இருக்கும். நெல் வயலுக்கென்றே செய்த ஆர்-2 வகையில் அந்தக் கட்டைகள் சாதாரண ஆர்-1 வகையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு உயரம். நடவுக்கு முன் சேற்றுழவு நடக்கும்போது இதுவும் போதாது. கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்தைப் பூட்டுவார்கள். தார்ச்சாலையை அது கீறிப் பாழாக்கும் என்பதால் வயலோடு கழற்றிவிடுவதே முறை. சம்பா அறுவடையில் ஈரம் காயாத வயலுக்குப் பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி என்று இயந்திரத்தை வாடகைக்குப் பேசுவதும் இதே அறிவுதான்.

அகலமா, ஒடுக்கமா என்ற கேள்விக்கும் விடை வயலில் இருக்கிறது. ஆண்டாண்டாகச் சேற்றுழவு கண்ட நிலத்தில் ஓரடிக்குள்ளேயே இறுகிய தட்டு உருவாகியிருக்கும். அப்படி அடித்தரை கெட்டியான சேற்றில் ஒடுக்கமான டயர் சகதியைக் கிழித்து இறங்கிக் கெட்டித்தரையைத் தொட்டு ஓடும். பழைய ஜீப்புகளின் 6.00-16 டயர் ஒடுக்கமாக இருந்தும் சேற்றில் பெயர் வாங்கியதற்கு இது ஒரு காரணம். பிச்சாவரம் ஓரத்து உளைச்சேறு வேறு வகை. அடி எங்கே என்று தெரியாது. அங்கே அகலமான டயர் மேலாக மிதக்கப் பார்க்கும், ஆனால் எந்த டயரையும் நம்பி இறங்கக் கூடாது. அலையாத்திக் காட்டுக்குள் வண்டிக்கு வேலையும் இல்லை.

டயரின் பக்கச்சுவரில் 255/65 ஆர்18 என்று இருந்தால் அகலம் 255 மி.மீ., சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 18 அங்குலம். நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் முதுமையடையும். அதனால் வாங்கும்போது இந்த எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விட்டம் 3 சதவீதம் கூடிய டயரைப் போட்டால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி 103இல் போகும். வளைவில் மட்கார்டில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. நிறுவனம் அனுமதித்த அளவுகளுக்குள் நிற்பதே நல்லது.

சேற்று டயருக்குச் சாலையில் கொடுக்கும் விலை அதிகம். தரையைத் தொடும் ரப்பர் குறைவு என்பதால் நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி தள்ளிப்போய் நிற்கும். இரைச்சல் கூடும், எரிபொருள் கூடும், பட்டன் ஒழுங்கற்றுத் தேயும். கடலூர்–சிதம்பரம் நெடுஞ்சாலையில் நாள்தோறும் போய்வருபவர் மழைக்காலத்துச் சில நாட்களுக்காக ஆண்டு முழுவதும் இந்த ஆபத்தைச் சுமக்க வேண்டியதில்லை. அவருக்கு ஏடிதான் சரி. வயல்வழியும் இறால் பண்ணைக் கரையும் தினசரிப் பாதையாக உள்ளவர்கள் எம்டி போடலாம்.

காற்றழுத்தத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சாலைக்கு 30 பி.எஸ்.ஐ. அளவில் வைக்கும் காற்றை மண்வழியில் 20 வரை இறக்கினால் டயர் விரிந்து, தரையைத் தொடும் பரப்பு கூடும். மிகவும் இறக்கினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலைக்கு ஏறியதும் மறுபடி நிரப்பியே ஆகவேண்டும்.

2015 நவம்பர் மழையையும், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பரில் வந்த தென்பெண்ணை வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. சேற்றுக்கு உதவும் டயர் ஓடும் நீருக்கு உதவாது. வெள்ளம் வண்டியின் எடையைத் தூக்கிவிட்டால் பட்டன் பிடிக்கத் தரையே இருக்காது. ஆகவே புதிய டயருக்குப் பணம் கட்டும் முன் ஒரு நல்ல காற்றழுத்தமானியும் கையடக்கக் காற்றடிப்பானும் வாங்குங்கள். இருக்கும் டயரில் காற்றைக் குறைத்து உங்கள் வழியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதிலும் வழுக்கினால் மட்டும் எம்டி கேளுங்கள்.